கையெழுத்து விழுந்தபோது சித்தி எங்கே பார்த்தாள்?

அத்தியாயம் பதினொன்று

இந்தத் தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது, யார் வீட்டு மாப்பிள்ளை எந்தப் பையோடு வந்து எந்தப் பையோடு போனார் என்பதெல்லாம் சித்திக்கு அத்துப்படி. அதனால் தெரு அவளுக்கு வைத்த பெயர் 'கேமரா'. முகத்துக்கு நேரே சித்தி. முதுகைத் திருப்பினால் கேமரா. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபித்துக்கொண்டதில்லை. பட்டம் வைப்பவர்கள் எல்லோரும் பொறாமை பிடித்தவர்கள் என்பது அவள் கட்சி.

அப்பேர்ப்பட்ட கேமரா, ஆயுசில் ஒரே ஒரு தடவை, பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் கோட்டை விட்டிருந்தது. அந்த ஒரு தடவைதான் இப்போது கோர்ட் வாசலில் போய் நிற்கிறது.

போன வாரம் பத்திரிகையை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டவர்களுக்காக நாலு வார்த்தை. சித்தியின் அக்கா வீட்டுக்காரர், கண்ணாடிக்கடை அத்தான், போன வருஷம் கண்ணை மூடினார். அக்கா அவருக்கு முன்பே போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டு. பெரியவன் வெளியூரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜர். சின்னவள் அப்பாவோடு கடையிலேயே நின்று லென்ஸ் தேய்த்தவள். அவர் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கடை என்பதே அவள்தான்.

அத்தான் உயில் எழுதி வைத்திருந்தார். கீழே கடையும் மேலே வீடும் சின்னவளுக்கு. ஊருக்கு வெளியே இருக்கும் மனையும் பேங்க் டெபாசிட்டும் பெரியவனுக்கு. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, எல்லோரும் படித்தாகிவிட்டது. பெரியவன்தான் 'எனக்குத் தெரியாமல் தங்கச்சி எழுதி வாங்கிக்கொண்டாள், இந்த உயிலே செல்லாது' என்று வழக்குப் போட்டுவிட்டான். உயில் விழுந்தால் எல்லாம் பாதிப் பாதி. கட்டடத்தை நடுவில் ரம்பம் போட்டு அறுக்க முடியுமா? விற்றுத்தான் பங்கு போட வேண்டும். விற்றால் சின்னவளுக்கு மேலே கூரையும் இல்லை, கீழே பிழைப்பும் இல்லை.

உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர், பக்கத்து மருந்துக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவர், அத்தான் போன கொஞ்ச நாளிலேயே அவரும் கிளம்பிவிட்டார். மிச்சம் இருப்பது சித்தி.

அந்தச் சித்தி இன்று காலை ஆறிப்போன காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா தயார் செய்து அனுப்பிய வாக்குமூலம். நேற்று சாயங்காலம் சின்னவள் கொண்டுவந்து கொடுத்தாள். "படிச்சுப் பாருங்க சித்தி. சரியா இருந்தா நாளைக்குக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சித்தியின் வயது மட்டும் ஒரு வருஷம் கூடுதலாக இருந்தது. அதை மன்னித்துவிடலாம். நடுவில் ஒரு வரிதான் தொண்டையில் மாட்டிய மாத்திரை மாதிரி இறங்க மறுத்தது.

'மேற்படியார் உயிலில் கையெழுத்திடுவதை நான் என் கண்ணால் நேரில் பார்த்தேன்.'

பார்க்கவில்லை. அதுதான் சங்கடம். அந்த அறையில்தான் இருந்தாள். கை நீட்டினால் அத்தானின் தோள் படும், அவ்வளவு பக்கம். ஆனால் அத்தான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில், சித்தியின் முகம் தெருப் பக்கம் இருந்தது.

இத்தனை நாளும் இதை அவள் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அத்தான் போட்டார், மருந்துக்கடைக்காரர் போட்டார், இவள் போட்டாள், டீ வந்தது, குடித்தார்கள். முடிந்தது. சாட்சி என்றால் கையெழுத்துப் போடுவதுதானே வேலை, கையெழுத்தைப் பார்ப்பதுமா வேலை?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் தனக்காகக் கேட்கிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது. சித்தி குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். கூடை காலி.

கீழ்த்தளத்தில் தையல்காரம்மா வாசலிலேயே மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தபால் ஆபீசர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனாலும் எதைச் சொன்னாலும் முத்திரை குத்துகிற மாதிரிதான் சொல்வார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க" என்று சித்தி பொதுவாக ஆரம்பித்தாள். "இங்க இல்ல, வேற ஏரியா. ஒரு உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க..."

"யாரு, உங்க அக்கா வீட்டு உயிலா?" தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"வேற ஏரியான்னு சொல்றேன்ல."

"சரி, சரி. வேற ஏரியா. அந்த ஏரியாவுலயும் கண்ணாடிக்கடைதானா?"

சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. தபால் ஆபீசர் பேப்பரை மடித்தார்.

"பத்திரத் தாள்ல எழுதினதா?"

"வெள்ளைத் தாளு."

"செல்லாது. ரிஜிஸ்டர் பண்ணினாங்களா?"

"இல்லைன்னு நெனைக்கிறேன்."

"அப்ப சுத்தமா செல்லாது."

"மூத்த பிள்ளைக்குத்தான் வீடுன்னு சட்டமே இருக்காமே?" என்று தையல்காரம்மா தன் பங்குக்கு எடுத்துக்கொடுத்தாள்.

"எந்தச் சட்டத்துல?"

"எங்க நாத்தனார் சொன்னா."

"உங்க நாத்தனார் என்ன ஜட்ஜா?"

"வீட்டுல அவதான் ஜட்ஜு."

சித்திக்குப் பொறுமை போயிற்று. "அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சாட்சி, கையெழுத்துப் போட்டதைக் கண்ணால பாக்கலேன்னு வெச்சுக்கோங்க. ஆனா பாத்தேன்னு கோர்ட்ல சொன்னா?"

"உள்ள தூக்கி வெச்சுடுவான்."

"பாக்கலேன்னு உண்மையச் சொன்னா?"

"உயில் போச்சு."

தபால் ஆபீசர் மறுபடி பேப்பரை விரித்தார். அவரைப் பொறுத்தவரை கவர் ஒட்டி, முத்திரை குத்தி, பெட்டியில் போட்டாகிவிட்டது. தையல்காரம்மா மட்டும் காலிக் கூடையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தைத்து முடித்துவிடுவாள்.

சித்தி மேலே ஏறி வந்தால், கதவுக்கு முன்னால் ஆப்பிள் பையோடு பெரியவன் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வாப்பா" என்றாள். வேறு என்ன சொல்வது? பிறந்த அன்று இவள் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அப்போதே அழாமல் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த குழந்தை.

பெரியவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். நல்ல சட்டை, நல்ல வாட்ச், எல்லாம் போட்டும் அந்தத் தோளை அவனால் தூக்கி நிறுத்த முடிந்ததில்லை.

"சித்தி, உங்களை நான் எதையும் மாத்திச் சொல்லச் சொல்லல."

"சரி."

"பாத்ததைப் பாத்தேன்னு சொல்லுங்க. பாக்காததைப் பாக்கலேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

மிரட்டியிருந்தால் சித்தி பதிலுக்கு நாலு விட்டிருப்பாள். அழுதிருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பாள். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பவனை என்ன செய்வது? ஆப்பிள் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். அடிபடாத, நல்ல ஆப்பிள். வாங்கத் தெரிந்தவன்.

"அப்பா உயில் எழுதப்போறாருன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா சித்தி? என்னை ஒரு மூணாம் மனுஷனா ஆக்கிட்டா அவ."

சித்தி ஆப்பிளைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நீ எங்கப்பா இருந்த?"

"நான் வேலை பாக்கற ஊர்லதான். ஆபீஸ்ல. ஆடிட்டிங் நடந்துட்டிருந்துச்சு."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். சித்தி அவனுடைய இடது தோளைப் பார்த்தாள். நாக்கின் நுனிவரை ஒன்று வந்தது. அதை டீயாக மாற்றினாள்.

"டீ போடவா?"

"வேண்டாம் சித்தி. இந்தப் பக்கம் வந்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. அந்தக் கடை மாடிப்படியில காலை வெக்கவே பிடிக்கல." இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் எழுந்துகொண்டான். "ஆப்பிளைச் சாப்பிடுங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறந்துடாதீங்க."

அவன் போன பிறகு சித்தி கதவைச் சாத்தவில்லை. தெருவில் இறங்கி, கடைப் பக்கம் திரும்பாமல், எதிர்ச்சாரியிலேயே நடந்து போவதைக் கடைசிவரை பார்த்தாள். அதற்கப்புறம்தான் சின்னவளுக்கு ஃபோன் போட்டாள்.

"வக்கீலம்மாவைக் கடைக்கு வரச் சொல்லு, பாப்பா. அந்தப் பேப்பர்ல ஒரு வரி இடிக்குது."

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வக்கீலம்மா வந்து சேர்ந்தார். சின்ன உருவம், பெரிய கைப்பை, நின்ற இடத்தில் நிற்காத கால். வந்ததும் ஃப்ரேம் மாட்டிய சுவரை ஒரு சுற்று, எழுத்துப் பலகையை ஒரு சுற்று, பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருந்த லென்ஸ் தேய்க்கிற மிஷினை ஒரு சுற்று. வேடிக்கை பார்ப்பதில் தனக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது என்று சித்திக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எந்த வரி இடிக்குது?" வக்கீலம்மா வாக்குமூலத்தை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார்.

"மேடம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சீங்கன்னா எதிர்க்கடைக்காரர்தான் படிச்சுச் சொல்லணும்" என்றாள் சின்னவள், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு தடவை கண்ணை டெஸ்ட் பண்ணிக்கலாமே?"

"கேஸ் முடியட்டும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கைதான் குட்டை. நீங்க சொல்லுங்கம்மா."

வழியெல்லாம் சித்தி ஒரு முன்னுரை தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வயது, வெயில், தலைசுற்றல் எல்லாம் அதில் இருந்தன. வாயைத் திறந்தபோது எதுவும் வரவில்லை.

"அத்தான் கையெழுத்துப் போட்டத நான் பாக்கல."

மிஷின் நின்றது. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சித்தி அவள் முகத்தைப் பார்க்காமல் கவுண்டர் கண்ணாடிக்குள் வரிசையாக இருந்த ஃப்ரேம்களைப் பார்த்தாள். அத்தனை கண்ணாடிகளும் அவளையே பார்த்தன.

"அங்கதான் இருந்தீங்களே சித்தி?"

"இருந்தேன். தெருவைப் பாத்துட்டு இருந்தேன்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். மிஷின், அப்பாவின் மேஜை, பலகையில் கீழே போகப் போகச் சின்னதாகிற எழுத்துக்கள். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் கடைசியாகப் பார்ப்பார்களே, அப்படி.

"அப்ப பாக்கலேன்னே சொல்லிடுங்க சித்தி. எனக்காக நீங்க பொய்ச் சத்தியம் பண்ண வேண்டாம்."

திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது சித்திக்கு.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றார் வக்கீலம்மா. அவர் முகத்தில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால், புது ஊர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த குழந்தை மாதிரி இருந்தார். "இப்பத்தான் கேஸே ஆரம்பிக்குது. எங்க உட்கார்ந்திருந்தீங்க? காட்டுங்க. நடந்த எடத்துல உட்கார்ந்தா ஞாபகம் தானா எழுந்து வரும்."

கடை முகப்பில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியை ஒட்டி, அத்தானின் வேலை மேஜை. அதற்கு இந்தப் பக்கம் சித்தி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் இருந்ததாகச் சொன்ன நாற்காலியில் வக்கீலம்மா உட்கார்ந்துகொண்டார். நடுவில் அத்தானின் நாற்காலி. அதில் சின்னவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ எங்க இருந்த?" வக்கீலம்மா அவளைக் கேட்டார்.

"மேல வீட்டுல. சொத்து வாங்குறவ பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு அப்பா அனுப்பிட்டாரு."

"விவரமான மனுஷன். சரிம்மா, நீங்க சொல்லுங்க."

சித்தி சொன்னாள். வெள்ளைத் தாளில்தான் எழுதியிருந்தார். அது செல்லாது என்று தபால் ஆபீசர்...

"செல்லும். உயிலுக்குப் பத்திரத் தாள் வேண்டாம்."

ரிஜிஸ்டரும் பண்ணவில்லை...

"பண்ணினா நல்லது. பண்ணலேன்னா கொலைக்குத்தம் இல்ல."

மூத்த பிள்ளைக்குத்தான் வீடு என்று...

"சொந்தமா சம்பாதிச்ச சொத்தை அவர் யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். மூத்த பிள்ளை, இளைய பிள்ளை, எதிர்வீட்டுப் பூனை. உங்க தபால் ஆபீசரை விடுங்க. பேனா அவர் கையில இருந்துச்சா?"

"முதல்ல இருந்துச்சு. அப்புறம்..." சித்தி நெற்றியைச் சுருக்கினாள். அதற்கப்புறம் தெருதான் ஞாபகத்தில் இருந்தது. வெயில், ஒரு டாக்ஸி. அதை விட்டுவிட்டு உள்ளே வர மறுத்தது மனசு. "அப்புறம் தெரியல."

"தெரியலேன்னா நீங்க உபயோகமில்லாத சாட்சி. யோசிங்க."

சித்தி யோசித்தாள். யோசிக்கும்போது தலையை ஆட்டுவது அவள் வழக்கம். ஆட்டியதில் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தது. அதைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். மறுபடியும் சரிந்தது.

சின்னவளின் கை தானாக நீண்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தியின் முகத்திலிருந்து கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினாள், மேஜை மேலிருந்த ஊசி மாதிரியான திருப்புளியை எடுத்தாள், காதுப் பக்கத்துத் திருகை முடுக்க ஆரம்பித்தாள். ஆடுகிற கண்ணாடியைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அவள் அப்பாவாலும் முடியாது. கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றி முடுக்கிய ஆசாமி அவர்.

கண்ணாடி போனதும் சித்திக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் கலங்கிப்போயிற்று. அவளுடையது படிக்கிற கண்ணாடி. அது இல்லாவிட்டால் கிட்டத்தில் உள்ளது தெரியாது, தூரம் துல்லியமாகத் தெரியும். வேறு வழியில்லாமல் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று.

"இதேதான்!" என்றாள் சித்தி.

"எது?"

"அன்னைக்கும் திருகு லூஸு. அத்தான் பேனாவைக் கீழ வெச்சுட்டு என் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. முடுக்கி மேஜையில வெச்சாரு. நான் தெருவைப் பாத்துட்டே இருந்தேனா, அதுக்குள்ள அவரு கையெழுத்தைப் போட்டுட்டாரு. அதுக்கப்புறம்..."

சின்னவள் கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தாள். சித்தியின் மூக்கில் அதைப் பொருத்தினாள். காது இரண்டையும் சரி பார்த்தாள். பிறகு, கண்ணாடியைச் சரி செய்த எவரையும் சும்மா அனுப்பாத அந்தக் கடையின் வழக்கப்படி, கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்து முகத்துக்கு முன்னால் நீட்டினாள். கிடைத்தது வாக்குமூலம்.

"படிங்க சித்தி. தெளிவாத் தெரியுதா?"

சித்தி படிக்கவில்லை. வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உயிலைத்தான் நீட்டினாரு" என்றாள் மெதுவாக. "கண்ணாடியை மாட்டிவிட்டு உயிலை நீட்டினாரு. 'கடைசில இருக்கறதப் படி'ன்னாரு. பாத்தா அவர் கையெழுத்து. மை கூடக் காயல. 'இதுல எழுத்து எங்க இருக்கு அத்தான், எறும்பு மையில விழுந்து எழுந்து ஓடின மாதிரி இருக்கே'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?" வக்கீலம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'எறும்பு இல்லம்மா, நான்தான். என் கையெழுத்துதான் இது, நல்லா பாத்துக்கோ. கிண்டல் பண்ணது போதும், உன்னோடதைக் கீழ போடு'ன்னாரு. போட்டேன். அவர் எதிர்லதான் போட்டேன்."

வக்கீலம்மா இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். "இத முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? கையெழுத்துப் போடுறதைச் சாட்சி நேர்ல பாக்கணும். இல்லேன்னா 'இது என் கையெழுத்துதான்'னு எழுதினவரே சாட்சிகிட்ட சொல்லணும். ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும். அவர் சொல்லிட்டாரு. வாய்விட்டுச் சொல்லிட்டாரு!"

"அப்ப நான் பாக்காதது?"

"பாக்கலேன்னே சொல்லுங்க. அந்த வரியை மாத்தி எழுதறேன். ஒரு பொய்யும் வேண்டாம்." சட்டென்று அவர் முகம் மாறியது. "ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விட மாட்டாரு. வசதியா இப்ப ஞாபகம் வந்துச்சாக்கும்னு கேப்பாரு. அத வேற யாராவது கேட்டாங்களா?"

"மருந்துக்கடைக்காரர் இருந்தாரே. எறும்புன்னதும் சிரிச்சாரு பாருங்க, வாயில இருந்த வெத்தலை வெளிய வராத குறை. அந்தச் சிரிப்போடதான் உயிலை இழுத்து எனக்கு முன்னாடி அவர் கையெழுத்துப் போட்டாரு..."

வக்கீலம்மா கைப்பைக்குள் தலையையே விட்டு உயிலின் நகலை வெளியே எடுத்தார். கையை நீட்டிப் பிடித்தார். பிறகு வெட்கத்தை விட்டு, கவுண்டரிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அத்தானின் எறும்பு. அதற்குக் கீழே சித்தியின் குண்டு குண்டான எழுத்து. பக்கத்தில் மருந்துக்கடைக்காரரின் கையெழுத்து. ஒழுங்காக ஆரம்பித்து, பாதியில் துள்ளி, வால் காகிதத்தின் ஓரம்வரை ஓடியிருந்தது.

"இந்த வாலைப் பாத்து, மனுஷனுக்கு விக்கல் போலன்னு நெனைச்சுட்டிருந்தேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றாமலேயே சின்னவளைப் பார்த்தார். "இது என்ன பவர்? நல்லாத் தெரியுதே."

சின்னவள் சிரித்தாள். இரண்டு மாதமாக அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு. சித்திக்கு ஒரு ஆப்பிளை முழுசாகக் கடித்துத் தின்ன வேண்டும் போல இருந்தது.

அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். விதி, வக்கீலம்மாவும் வேடிக்கைப் பிரியர்.

"எல்லாம் சரி. தெருவுல அப்படி என்னம்மா பாத்தீங்க?"

"அது எதுக்கு?"

"கூண்டுல ஏறினா அவர் கேக்கப்போற முதல் கேள்வியே அதுதான். பக்கத்துல ஒரு மனுஷன் சொத்து எழுதிட்டிருக்கான், அதவிட முக்கியமா தெருவுல என்னன்னு கேப்பாரு. எனக்கு முன்னாடியே தெரியணும்."

சித்தி சின்னவளைப் பார்த்தாள். ஒன்றரை வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரே சமாச்சாரம் அது. பெரிய மனசெல்லாம் இல்லை. பழுக்கட்டும் என்று வைத்திருந்தாள். பழுப்பதற்குள் அத்தான் போய்விட்டார். அதற்கப்புறம் எடுக்க நேரம் சரியாக அமையவில்லை.

"எதிர்ல ஒரு டாக்ஸி வந்து நின்னுச்சு. பெரியவன் இறங்கினான்."

சித்தியே தொடர்ந்தாள். "ரோட்டைக் கடந்து வந்தான். கடைக்குள்ள வருவான்னு பாத்தேன். வரல. பக்கத்துல, மாடிப்படி இருக்கற சந்துக்குள்ள போனான். இப்ப வெளிய வருவான், இப்ப வெளிய வருவான்னு பாத்துட்டே இருந்தேன். அந்த நேரத்துலதான் அத்தான் கையெழுத்தைப் போட்டிருக்காரு."

"அவர்தானா? நிச்சயமா?"

"தோளு போதும் எனக்கு. தூரத்துல நான் ஏமாந்ததே இல்ல."

வக்கீலம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது, நான் ஊர்லயே இல்லேன்னு மனுவுல எழுதிக் கொடுத்திருக்காரே அந்த மனுஷன்! இது ஒண்ணு போதும், கேஸ் இங்கயே முடிஞ்சது. உங்க அத்தானோட எறும்புகூட வேண்டாம்." சின்னவள் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியாதில்ல?"

சின்னவள் திருப்புளியை அதன் இடத்தில் வைத்தாள். சிந்திக் கிடந்த குட்டித் திருகுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள்.

"தெரியும். நான்தான் ஃபோன் பண்ணி அண்ணனை வரச் சொன்னேன்."

"என்னது?"

"அப்பா என்ன எழுதறாருன்னு அவனும் நேர்ல தெரிஞ்சுக்கட்டும்னு கூப்பிட்டேன். வந்தான். நான் மேல இருந்து இறங்கி வந்தேன். ரெண்டு பேரும் மாடிப்படியில உட்கார்ந்து பேசினோம். அப்பாவைப் பாக்காமலே போயிட்டான்."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல? உன் பக்கம் இருக்கற பெரிய ஆயுதமே இதுதானே! அப்படி என்ன பேசினீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"வீடு போயிடும்."

"தெரியும். அவன் வந்ததையும் பேசினதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"உன்மேல வழக்குப் போட்டிருக்கானே, அந்த அண்ணனுக்கா?"

"வழக்குப் போடறதுக்கு முன்னாடி கொடுத்தது அது."

வக்கீலம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். விலைச்சீட்டு தொங்கும் அந்தக் கண்ணாடி இன்னும் அவர் மூக்கில்தான் இருந்தது. சின்னவள் மேஜையைச் சுற்றி வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். லென்ஸ் தேய்த்த ஈரம் இன்னும் காயாத கை.

"சித்தி, அப்பாவோட கையெழுத்தப் பத்தி எல்லாத்தையும் சொல்லுங்க. ஆனா டாக்ஸியச் சொல்லாதீங்க. தெருவுல வேற என்னமோ பாத்தேன்னு..."

சொல்ல வந்ததை அவளே நிறுத்திக்கொண்டாள். பொய்ச் சத்தியம் வேண்டாம் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கேக்கற வரைக்குமாவது சொல்லாதீங்க" என்று முடித்தாள்.

"கேப்பாங்க" என்றார் வக்கீலம்மா.

இத்தனை பேர் இருக்கிற தெருவில், வாயைப் பூட்டிக்கொள்ளச் சொல்லி வேண்டிக் கேட்கப்பட்டவள் கேமரா. சொன்னால் சின்னவளுக்கு வீடு நிலைக்கும், வாக்கு போகும். சொல்லாவிட்டால் வாக்கு நிலைக்கும், வீடு என்ன ஆகும் என்று தெரியாது. இதில் எது பெரியது என்று தெரிய வேண்டுமானால் அந்த மாடிப்படியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது தெரிய வேண்டும்.

அது மட்டும் சித்திக்குத் தெரியாது. அவள் இருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் சந்து தெரியும், மாடிப்படி தெரியாது.

வெளியே ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.